மலை எரிந்த கோடை

கோடை பிறந்தால் சித்தூரிலிருந்த துரைசானிகள் எல்லாரும் கொடைக்கானலுக்குக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையும் போவார். தோல்பெட்டிகள் முதல் வண்டியில் ரயிலடிக்குப் போகும். அடுத்த வண்டியில் சுருட்டிக் கட்டிய மெத்தையும் கூடையில் அடைத்த பூனையும் போகும். நாங்கள் கேட்டருகே வரிசையாக நின்று கையை ஆட்டுவோம். பிறகு எங்களுக்கும் லீவு விடுவார்கள். போர்டிங் பெண்கள் அவரவர் ஊருக்குப் போய், கிணறு வற்றிய மாதத்தில் குடத்தோடு அலைவார்கள். நான் சித்தூர்க்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் என் நைனா கம்பவுண்டர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் வீடு.

ஒரு வருஷம் பூகோள வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சரம்மா, வெயில் வந்தா அவுங்களுக்கு மலை கீது. நமக்கு இல்லியா?"

வகுப்பு சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. தேசப்படத்தைக் காட்டிக்கொண்டிருந்த குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்குதே. சந்திரகிரிக்கு வடக்கால பூரா மலைதானே? ஒருத்தரும் போய்ப் பாக்கலன்னா அது மலையோட குத்தமா?"

அவருக்கு முப்பது வயசிருக்கும். வேலூர்ப் பக்கத்துக்காரர். தங்கைகளைப் படிக்கவைப்பதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர் என்று அம்மா சொல்லுவாள். பூகோளமும் டிரில்லும் அவர் பாடம். கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தால் நாங்கள் ஓடித்தான் கூடப் போகமுடியும். அன்று விளையாட்டாகச் சொன்னார் என்று நினைத்தோம். அடுத்த வாரமே அவர் சபைக் கமிட்டிக்கு முன்னால் போய் நின்றார் என்று நைனா வந்து சொன்னார்.

திட்டம் இதுதான். மே மாதத்தில் பெரிய பெண்களை அழைத்துக்கொண்டு சந்திரகிரிக்கு ரயிலில் போவது. மலையடிவாரத்து மாந்தோப்பில் சில நாள் முகாம் போட்டுப் பழகுவது. பிறகு சாமானை முதுகில் கட்டிக்கொண்டு, கோயில் மலையின் பக்கம் போகாமல் மேற்கே ஒதுங்கிய காட்டு வழியில் ஏறி, மேலே சுனையருகே தங்கி, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கித் திரும்புவது.

கமிட்டியில் ஒரு மூப்பர் கேட்டாராம்: "பொட்டைப் புள்ளைங்க மூட்டைய முதுகுல கட்டிக்கினு காட்டுல நடந்தா, நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

டீச்சரம்மா சொன்னாராம்: "ஐயா, நம்ம சபைப் பொம்பளைங்க பாதிப்பேரு வெறகுக் கட்டு தூக்கிக்கினு காட்டுலதான் நடக்குறாங்க. அவுங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆவலியா?"

பாதிரியாரே சிரித்துவிட்டாராம். கடைசியில், ஆண்துணை ஒன்று கூட வரவேண்டும் என்று சொல்லி உத்தரவு கொடுத்தார்கள். வயசும் குடும்பமும் உள்ள ஆளாக இருக்கவேண்டும், வைத்தியம் தெரிந்தால் நல்லது என்றார்கள். இப்படிப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் நைனா ஒருவர்தான் தேறினார். அவருக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை. கனத்த உடம்பு, பாம்புக்குப் பயம். அதைவிட அதிகாரிகள் என்றால் பயம். தாசில்தார் ஆபீஸ் பியூன் வீதியில் போனால்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். "எனக்கெதுக்கும்மா இந்த மலை?" என்று அம்மாவிடம் முனகிக்கொண்டே மருந்துப் பெட்டியைத் தயார் செய்தார்.

முதுகுப்பைக்குத் துணி அவர் கொடுத்ததுதான். ஆஸ்பத்திரியில் நைந்துபோன ஸ்ட்ரெச்சர்களின் கான்வாஸ் துணி. தையல் வகுப்பில் நாங்களே வெட்டித் தைத்தோம். தோள்வார் மட்டும் செருப்புத் தைக்கிறவர் போட்டுத் தந்தார். பிறகு விடிகாலையில் பையில் செங்கல் போட்டு, பள்ளி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகினோம். மதிலுக்கு வெளியே பால் ஊற்றப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "இன்னாம்மா, இஸ்கூல்ல கட்டட வேலை நடக்குதா?" என்று ஒருத்தர் தினமும் கேட்பார்.

எங்களில் அதிகச் செங்கல் தூக்கியவள் என் சிநேகிதி, வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவள். குடியாத்தம் எல்லையில் ஒரு கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் வேர்க்கடலைக் காட்டில் கூலி. அவளுக்கு லீவு முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. அதைப்பற்றி அவள் அழுததும் இல்லை, பூரித்ததும் இல்லை. ஒருநாள் செங்கல் பையோடு உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது சொன்னாள்: "அந்தாளு மண்ணுக்குக் கீழ போறவரு. நானும் அங்கதான் போவப்போறேன். அதுக்கு முந்தி ஒரு தபா மேல போய்ப் பாத்துக்கினு வந்துடறேன்டி."

பாகாலாவில் வண்டி மாறி, சந்திரகிரியில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மாந்தோப்புக்கு நடந்து சேர்ந்தோம். தோப்பையொட்டிச் சின்ன ஏரி. கோடையிலும் நடுவில் தண்ணீர் இருந்தது. கொஞ்சம் தள்ளிக் காட்டிலாகாவின் கல் பங்களா, பூட்டிக் கிடந்தது. ஏரிக்கு அப்பால் தரை உடனே ஏற ஆரம்பித்துவிடும். முதலில் முள்ளும் பாறையும், அதற்கு மேல் மூங்கில், அதற்கும் மேல் செஞ்சந்தன மரங்கள். இலையெல்லாம் கொட்டி மலை முழுக்கத் துருப்பிடித்த நிறத்தில் நின்றது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. காய்ந்த விறகு அது என்ற எண்ணமே அன்றைக்கு வரவில்லை.

மலையின் மடிப்பில் ஒரு குடிசைக் கூட்டம் இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள், காட்டில் தேனும் சீயக்காயும் எடுக்கிறவர்கள். தெலுங்குதான் பேசுவார்கள். அங்கேயிருந்து ஒரு பெண் தினமும் ஆட்டுப்பால் கொண்டுவருவாள். பிறந்து மாதம்கூட ஆகாத குழந்தையைப் பழந்துணியில் சுற்றி மார்போடு கட்டியிருப்பாள். எங்கள் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு டீச்சரம்மாவிடம் கேட்டாள்: "அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? கல்யாணமா, சாவா?"

"ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான்" என்று டீச்சரம்மா தெலுங்கிலேயே சொன்னார்.

"பார்க்கவா! அம்மோ!" என்று அவள் குழந்தை விழித்துக்கொள்ளும்படி சிரித்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். எங்கள் கூத்தைப் பார்க்க மற்றப் பெண்களையும் அழைத்து வந்தாள்.

அந்தச் சில நாளும் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. காலையில் பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்குவோம். மத்தியானம் மாமரத்தடியில் படுத்துக் கதை பேசுவோம். சமைத்து முடித்ததும் அடுப்பில் ஏரித் தண்ணீரைக் கொட்டி, சாம்பலைக் கையால் கிளறிப் பார்க்கச் சொல்லுவார் டீச்சரம்மா. கை சுட்டால் இன்னொரு குடம். நைனா கால்களை நீட்டி உட்கார்ந்து, பாம்பு வருகிறதா என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பைகளைக் கட்டி முடித்து மரத்தடியில் வரிசையாகச் சாத்திவைத்தோம். அரிசி, பருப்பு, வெல்லம், போர்வை, ஆளுக்கொரு தகர டம்ளர். பிறகு துணி துவைக்க ஏரிக்குப் போனோம். குடிசைப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களுடைய ஆண்களும் கரையில் ஆடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர்களுக்கு ஏதோ அம்மன் பூசை இருந்தது. நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்டுக்குக் கால்புண் எதனால் வருகிறது என்று ஒருவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மழை வருது டீச்சரம்மா!" என்று என் சிநேகிதி கத்தினாள்.

மேலே, வெகு தூரத்து முகட்டுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் ஒரே ஆனந்தம். மழை பெய்தால் சுனையில் தண்ணீர் இருக்கும், நடை குளிர்ச்சியாக இருக்கும். கைதட்டிக் குதித்தோம். குடிசைப் பெண்கள் யாரும் குதிக்கவில்லை. பால்காரப் பெண் பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு மேலே பார்த்தாள். கரையிலிருந்த ஆண்களும் பார்த்தார்கள்.

"நிப்பு" என்றாள் அவள் மெதுவாக. பிறகு உரக்க, "நிப்பு! நிப்பு!"

நெருப்பு என்று எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானமே காட்டிலாகாக் கார்டு ஓடிவந்தார். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குடிசை ஆண்கள் எல்லாரையும் மேலே வரச்சொன்னார். காட்டில் ஆடு மேய்க்க விட்டிருந்ததால், நெருப்பு என்றால் அவர்கள் போய்த்தான் ஆகவேண்டும் என்பது சட்டம். கோடாலியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு, நெருப்பை அடிக்க வழியில் பச்சைக் கொப்பு வெட்டிக்கொண்டு ஏறினார்கள். பால்காரப் பெண்ணின் புருஷனும் போனான். போகும்போது ஆடுகளின் கட்டை அவிழ்த்துவிட்டுப் போனான்.

கார்டு டீச்சரம்மாவிடம் வந்து, "அம்மா, மலைக்கு வழி கிடையாது. இன்றைக்கும் கிடையாது, நாளைக்கும் கிடையாது. இந்த வருஷமே கிடையாது" என்றார்.

எங்களுக்கு அழுகை வந்தது. சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம் என்றுதான் சொல்லவேண்டும். மேலே மனிதர்கள் வெந்துகொண்டிருப்பார்கள் என்பதைவிட எங்கள் நடை போயிற்றே என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. என் சிநேகிதி அழவில்லை, கோபப்பட்டாள். "நெருப்பு அந்தாண்ட தானே டீச்சரம்மா? நாம இப்படிக்கா சுத்திக்கினு போலாமே. பாதி மலையாச்சும் ஏறிட்டு வந்துடலாமே" என்றாள்.

"வேணாம்" என்றார் டீச்சரம்மா. குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு அடுத்த வருசம் இல்லியே."

 டீச்சரம்மா அவளுடைய தலையில் கையை வைத்தார். பிறகு மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன்னுடைய பையின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார், மறுபடியும் அவிழ்த்தார். கமிட்டியின் முன்னால் எத்தனை தடவை நின்றாரோ, யார் யாருக்கெல்லாம் பதில் சொன்னாரோ, அது எங்களுக்குத் தெரியாது. அந்த முதுகைப் பார்த்ததும் நாங்கள் அழுகையை நிறுத்திக்கொண்டோம்.

பொழுது சாயச் சாயக் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. வடித்து வைத்த சோற்றில் கருப்பாகச் சருகுச் சாம்பல் விழுந்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம், யாரோ ஓயாமல் வேட்டு போடுவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏரிக்கு மான்கள் வந்தன. ஆடுகளுக்கு நடுவில் நின்று, எங்களைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தன. எங்களைக் கண்டு ஓடவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நிஜமாகப் பயம் பிடித்தது. இருட்டத் தொடங்கியபோது முகடு நெடுகச் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. நைனா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

விடிந்ததும் விடியாததுமாகக் கார்டு ஆளனுப்பிவிட்டார். நெருப்பு மடிப்புக்குள் இறங்குகிறது, காற்று எழுவதற்குள் எல்லாரும் சந்திரகிரிக்குப் போய்விட வேண்டும் என்று. நாங்கள் புறப்பட அதிக நேரம் ஆகாது, பைகள் கட்டித்தான் இருந்தன. ஆனால் குடிசைப் பெண்கள் வரமாட்டேன் என்றார்கள். ஆண்கள் மேலே இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நாலு சட்டி, கொஞ்சம் கேழ்வரகு, கோழிகள். அதையும் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு எதை வைத்துப் பிழைப்பது? குழந்தைகளைத் தூக்கினால் சட்டியைத் தூக்கமுடியாது, சட்டியைத் தூக்கினால் குழந்தைகளைத் தூக்கமுடியாது. பால்காரப் பெண் குடிசை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் போங்கள்" என்றாள்.

அவர்களைக் கூப்பிடப் போயிருந்த டீச்சரம்மா மாந்தோப்புக்குத் திரும்பி வந்தார். ஓட்டமும் நடையுமாக வந்தவர் எங்களிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "பையைக் கொட்டுங்க."

கொட்டினோம். போர்வை, மாற்றுத்துணி, பாட்டுப் புஸ்தகம், சீப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் கல் பங்களாவின் பின்திண்ணையில் குவித்துவிட்டு, அரிசி பருப்பை மட்டும் பையின் அடியில் வைத்துக்கொண்டோம். மீதி இடத்தோடு குடிசைகளுக்கு ஓடினோம். சட்டிகள், கேழ்வரகு மூட்டை, முறம், உறி, வலை என்று என்னென்னவோ உள்ளே போயின. என் பையில் இரண்டு கோழிகளைத் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக் கட்டினாள் ஒருத்தி. வழிநெடுக அவை என் காதில் கொக்கரித்துக்கொண்டே வந்தன. வயதான ஒரு பெண்மணி தன்னுடைய அம்மிக்குழவி இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டாள். கல் எரியாதும்மா என்று டீச்சரம்மா சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. என் சிநேகிதி எதுவும் பேசாமல் குனிந்து, குழவியை எடுத்துத் தன் பையில் போட்டு, வாரை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"செங்கல்லை விட இது உருண்டையா கீது. முதுகுல நல்லா உக்காருது" என்றாள் என்னிடம்.

நைனா ஒரு கையில் மருந்துப் பெட்டியும் கழுத்தைச் சுற்றி ஓர் ஆட்டுக்குட்டியுமாக நடந்தார். அதை யார் அவர் கழுத்தில் போட்டார்கள் என்று தெரியவில்லை. டீச்சரம்மா முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளையாகக் கட்டிக்கொண்டார். பால்காரப் பெண் தன் குழந்தையோடு என் பக்கத்தில் நடந்தாள். நாலு அடிக்கு ஒரு தடவை திரும்பி மலையைப் பார்த்தாள். புகையில் கண் எரிந்து எல்லாருக்கும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால், அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. பிரசவமாகி நாளாகாத உடம்பு. பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பெரிய ரோட்டில் கோயிலுக்குப் போகிற மஞ்சள் துணிக்காரர்களின் வண்டி ஒன்று வந்தது. நாங்கள் கேட்பதற்கு முன்பே அதிலிருந்த அம்மாள் கீழே இறங்கிவிட்டு, "அந்தப் பொண்ண ஏத்துங்கம்மா, நாங்க நடந்து வரோம்" என்றாள். நல்ல தமிழ். எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லை.

சந்திரகிரி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார். கான்வாஸ் பைப் பெண்கள், குடிசைப் பெண்கள், கோழி, ஆடு, கழுத்தில் குட்டியோடு ஒரு கனத்த மனிதர்.

"இத்தனை பேருக்கும் டிக்கெட்டா?" என்றார்.

"யாரும் வண்டி ஏற வரல்லே சார்" என்றார் டீச்சரம்மா. "நிழலுக்கு வந்திருக்கோம்."

அவர் மலைப் பக்கம் பார்த்தார். பாதி வானம் பழுப்பாக இருந்தது. உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கூட்ஸ் ஷெட்டைத் திறந்துவிட்டார். தண்ணீர்ப் பானையையும் அவரே ஆள்விட்டு நிரப்பவைத்தார். எங்கள் நடைக்காகக் கட்டிய அரிசியையும் பருப்பையும் அங்கேதான் சமைத்தோம். எல்லாரும் சேர்ந்துதான் தின்றோம்.

மறுநாள் ஆண்கள் ஒவ்வொருவராகக் கீழே வந்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் புருவம், மயிர் எல்லாம் பொசுங்கி, உள்ளங்கால் வெந்து வந்தார்கள். பால்காரப் பெண்ணின் புருஷன் கடைசியாக வந்தான். எரிகிற மூங்கில் ஒன்று சரிந்தபோது வலது கையால் தடுத்திருக்கிறான். அவள் ஓடிப்போய் அவன் எதிரில் நின்றாள். தொடவில்லை, எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றாள். நைனா அவனைச் சாக்கின்மேல் உட்காரவைத்துக் கட்டுப்போட ஆரம்பித்தார். அந்த இரண்டு நாளும் நைனாவைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். பாம்பும் இல்லை, முனகலும் இல்லை. கஷாயம் மாதிரி ஏதோ குடிக்கவைத்து, கொப்புளத்தை உடைக்காமல் சுற்றி, "அவ்வளவுதாம்பா, ஆச்சு, ஆச்சு" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் ரேஞ்சர் வந்தார். பூட்ஸ், தொப்பி, பின்னால் கார்டு. நெருப்பு எப்படிப் பிடித்தது என்று விசாரணை. கூட்ஸ் ஷெட்டுக்குள் நுழைந்ததுமே குடிசைக்காரர்களைப் பார்த்து, "புல்லு துளிர்க்கட்டும் என்று நீங்கள்தானே கொளுத்தினீர்கள்?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. கேஸ் போட்டால் ஆடு மேய்க்கிற உரிமை போய்விடும், அத்தோடு காடும் போய்விடும். அது அவர்களுக்குத் தெரியும். எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

டீச்சரம்மா எழுந்தார்.

"சார், புகை கிளம்பினப்போ இவங்க ஆம்பளைங்க எல்லாரும் ஏரிக்கரையில எங்க கூட இருந்தாங்க. காலையிலேருந்தே இருந்தாங்க. நான் பார்த்தேன்."

ரேஞ்சர் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "அப்படியா? அப்போ இந்த மலைப்பக்கம் அடுப்பு மூட்டினது வேற யாரு அம்மா? உங்க முகாம் ஒண்ணுதானே?"

 டீச்சரம்மாவின் முகம் வெளிறியது. கமிட்டியில் உட்கார்ந்திருந்த மூப்பர்கள் அவர் கண்முன் வந்திருப்பார்கள். இப்போது நினைக்கும்போது எனக்கே வருகிறார்கள். ஒரு வார்த்தை பின்வாங்கினால் போதும். எல்லாரையும் பார்த்தேன் என்று சொல்லமுடியாது என்றோ, ஞாபகமில்லை என்றோ சொல்லியிருந்தால் எங்கள் பேச்சே எழுந்திருக்காது.

"நாங்க அடுப்பு மூட்டினது கீழே, தோப்புல. தினமும் தண்ணி ஊத்தி அணைச்சோம். நெருப்பு பிடிச்சது முகட்டுக்கு அந்தப் பக்கம். அது எப்படிப் பிடிச்சதுன்னு எனக்குத் தெரியாது. இவங்க இல்லேன்னு மட்டும் தெரியும்."

"பள்ளிக்கூடத்து அம்மா சொன்னா நான் எழுதிக்கணுமா? வேற யாரு பார்த்தது?"

நைனா கட்டுப்போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் துணிச்சுருள் நழுவித் தரையில் உருண்டது. பூட்ஸ் போட்டவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்தபடியே அவர் பேசினதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நானும் பார்த்தேன் சார்" என்றார்.  தன் எதிரில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டிச் சொன்னார்: "இதோ, இந்தப் பையன்கிட்டதான் நான் ஆட்டுக்கால் புண்ணப் பத்திப் பேசிக்கினு இருந்தேன். அப்போதான் புகை வந்தது. என் பேரு, ஆஸ்பத்திரி பேரு எல்லாம் எழுதிக்கோங்க. கூப்பிட்டா வரேன்."

ரேஞ்சர் அவரையும் வெந்த கையையும் பார்த்தார். பிறகு கார்டிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவருக்கும் மேலே யாராவது கேட்பார்கள். அவரும் ஒரு பதிலைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். குடிசைக்காரர்கள்மேல் கேஸ் போடவில்லை. மலை எதனால் எரிந்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரியாத இடத்தில் பேச்சு முளைக்கும். நாங்கள் சித்தூர் திரும்புவதற்கு முன்பே பேச்சு வந்து சேர்ந்துவிட்டது. மிஷன் பெண்கள் சோறாக்கி மலையைக் கொளுத்திவிட்டார்கள். மூப்பர்கள் "சொன்னோமா இல்லியா" என்றார்கள். கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டபோது, ரேஞ்சரிடம் சொன்னதையே டீச்சரம்மா திரும்பச் சொன்னாராம். அதற்குமேல் வாதாடவில்லையாம். தலைமை ஆசிரியை கொடைக்கானலிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடிந்துகொள்ளவில்லை. ஆனால் இனிமேல் பெண்களுக்கு முகாம் வேண்டாம் என்று முடிந்துவிட்டது. கான்வாஸ் பைகளை ஸ்டோர் ரூமில் அடுக்கினோம்.

டீச்சரம்மா அந்த வருஷமும் பூகோளம் எடுத்தார். டிரில்லும் எடுத்தார். எங்களிடம் இதைப்பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். வகுப்பில் யாரோ, "நாமதான் எரிச்சோம்னு சொல்றாங்க டீச்சரம்மா" என்று குழறியபோது, "நீ எரிச்சியா?" என்று கேட்டார். "இல்லே" என்றாள் அவள். "அப்போ உக்காரு."

நைனாவை ஊரில் சிலர் "மலைய எரிச்ச கம்பவுண்டர்" என்று கூப்பிட்டார்கள். முதலில் கூசிப்போனார். பிறகு பழகிவிட்டது. "ஆமா, களிம்பு விக்கலேன்னு எரிச்சேன்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்.

என் சிநேகிதியின் கல்யாணம் சொன்னபடி நடந்தது. குடியாத்தம் ரயிலடிக்கு நான் போயிருந்தேன். புதுப்புடவையில் அடையாளம் தெரியாமல் நின்றாள். மாப்பிள்ளை கூச்சக்காரர், நல்லவராகத் தெரிந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்க அவர் குனிவதற்குள் இவள் ஒரே கையால் தூக்கி வண்டிக்குள் வைத்துவிட்டாள். அவர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே அவளுக்கு நல்ல வாழ்க்கைதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் முடிந்து, ஒருநாள் காலையில் பால்காரப் பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, பின்னால் புருஷன். ரயிலில் ஏறத் தெரியாமல் நடந்தே வந்திருந்தார்கள், வழியெல்லாம் "பெரிய வயிற்றுக் கம்பவுண்டர்" என்று கேட்டுக்கொண்டு. அவனுடைய கையில் புண் ஆறியிருந்தது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிப்போயிருந்தன. நைனா அவனை உள்ளே உட்காரவைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அவனை அழைத்துக்கொண்டு நேராகப் பெரிய டாக்டரிடம் போனார்.

கையை அறுத்துத் தோல் ஒட்டினார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். அம்மா குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். டீச்சரம்மா பள்ளி விட்டதும் தினமும் வருவார். அவரும் பால்காரப் பெண்ணும் கிணற்றடியில் உட்கார்ந்து தெலுங்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். மேலே புல் எப்படி வந்திருக்கிறது, எந்த மரம் துளிர்த்தது, எது பட்டுப்போயிற்று, எரிந்துபோனதற்குப் பதிலாகப் புதுக் குடிசையை இந்தத் தடவை ஏரிக்குப் பக்கத்தில் போட்டது, ஆடு குட்டி போட்டது. ஒருநாள் டீச்சரம்மா வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் எனக்குச் சமையலறைவரை கேட்டது. அந்த வருஷத்தில் அதுவரை நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்று எல்லாரும் சுற்றி நின்றோம். நைனா மெதுவாகத் துணியைப் பிரித்தார். அவன் கையை விரித்துப் பார்த்தான். மூன்று விரல்கள் நிமிர்ந்தன. இரண்டு கடைசிவரை மடங்கியே இருந்தன. நைனாவுக்கு முகம் வாடிப்போயிற்று. அவன் மூலையில் கிடந்த எங்கள் வீட்டு அரிவாளை எடுத்து, அந்த மூன்று விரலால் பிடித்து, கொல்லையிலிருந்த முருங்கைக் கொப்பை ஒரே வெட்டில் வெட்டிக் குழந்தைக்கு முன்னால் போட்டான்.

"இது போதும்" என்றான், தமிழில்.